கானும் அயலும்

வெள்ளம் என்னும் சொல் சமவெளியில் வாழ்வோர்க்கு ஒரு பொருளையும் மலையில் வாழ்வோர்க்கு வேறொரு பொருளையும் தருவதாகும். சமவெளியில் நீர் ஏறும். ஏறிய நீர் நாட்கணக்கில் நிற்கும். கூரைமேல் ஏறியவரை மீட்கப் படகு வரும். கொட்டகலையில் அங்ஙனமன்று. அங்கு நீர் நிற்பதில்லை. அது போகிறது; போகும்போது மண்ணையும் உடன்கொண்டு போகிறது. சுவரில் புதிதாகத் தோன்றும் ஒரு வெடிப்பு, சற்றே சாய்ந்த ஒரு மரம், அதுவரை தெளிவாக விழுந்த பீலி நீர் திடீரெனக் கலங்குதல் ஆகிய இவையே அறிகுறிகள். இவற்றைக் கண்டபின் கிடைக்கும் நேரம் மிகச் சொற்பம். ஆதலால் மலையில் ஒருவனைக் காப்பது பெரும்பாலும் படகன்று. நள்ளிரவில் அவன் கதவைத் தட்டும் அயலானின் கையே.

ஹற்றனிலிருந்து தலவாக்கலைக்குச் செல்லும் பெருவீதியிலே, நாற்புறமும் தேயிலை சூழ அமைந்த சிறு நகரம் கொட்டகலை. அப்பெருவீதியிலிருந்து மேடேறும் ஒழுங்கையொன்றில் மூன்று வீடுகள் ஒன்றன்கீழ் ஒன்றாக உள்ளன. மேல் வீட்டில் ஒரு சிங்களத் தச்சர். ஊரார் அவரைப் ‘பாஸ்’ என்பர். நடுவீட்டில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர், அவர் ‘மாஸ்டர்’. வீதியை ஒட்டிய கீழ்வீட்டில் பலசரக்கு வணிகம் செய்யும் முஸ்லிம் பெரியவர். அவர் எல்லோர்க்கும் ‘நானா’. மாஸ்டரும் நானாவும் ஆறு ஆண்டுகளாகப் பேசாதிருந்தனர். காரணம் ஒரு கான்.

கான் என்பது மலைநாட்டில் வடிகாலைக் குறிக்கும் சொல். தேயிலையின் வரலாற்றோடு பிணைந்த சொல் அது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கோப்பிக்காகக் காடுகள் அழிக்கப்பட்டன. 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழிக்க, அந்நிலமெல்லாம் தேயிலையாயிற்று. மரவேர்கள் பிடித்து நின்ற மண்ணைப் பிடிக்க வேறு வழி வேண்டியிருந்தது. சரிவுக்குக் குறுக்கே கான்கள் வெட்டி, இடையிடையே மண் தங்கக் குழிகள் தோண்டி, மழைநீரை மெதுவாக இறக்கும் முறை அவ்வாறு வந்தது. ஆண்டுதோறும் கான் துப்புரவாக்குதல் தோட்டத்து ஆண்களின் வேலைகளுள் ஒன்று. அவ்வேலை குறைந்த இடங்களில் நீர் தன் வழியைத் தானே தேடிக்கொண்டது. மலை உடைவதற்கு மழையை மட்டுமே குற்றஞ்சாட்டுவோர் இந்தக் கான்களை ஒருமுறை சென்று பார்ப்பது நன்று.

ஒழுங்கையின் கானும் அத்தகையதே. நானா தம் வீட்டுக்கு மாடி கட்டியபோது பின்சுவரைச் சற்றே மேலே நகர்த்தினார். இரண்டடி அகலக் கான் ஓரடியாயிற்று. மாஸ்டரின் கொல்லையில் நீர் தேங்கிற்று. முறைப்பாடுகள் எழுதப்பட்டன, சாட்சிகள் தேடப்பட்டனர், பின்னர் பேச்சும் நின்றது. ஆயினும் ஒரு வேடிக்கை. நோன்புக் காலத்துக் கஞ்சியும் பெருநாள் வட்டிலப்பமும் கீழ்வீட்டிலிருந்து மேல்வீட்டுக்குச் சென்று, அங்கிருந்து நடுவீட்டுக்கு இறங்கி வரும். தைப்பொங்கல் அதே வழியில் திரும்பிச் செல்லும். மூன்று மதங்களும் ஒரு பாத்திரத்தைச் சுமந்தன என்று இதனைப் புகழ்ந்து எழுதிவிடலாம். உண்மையில் பாஸின் மனைவிக்கு அந்த நடை பெருந்தொல்லையாகவே இருந்தது.

2025 நவம்பர் இறுதியில் டித்வாப் புயல் இலங்கையைத் தாக்கிற்று. 28ஆம் திகதி அது கிழக்குக் கரையில் ஏறியது. ஆயினும் உயிர்களை மிகுதியாகக் கொண்டது கரையிலன்று, மலையிலேயே. கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் மண்சரிவுகள் ஊர்களை மூடின. நாடு முழுவதிலும் 600க்கு மேற்பட்டோர் மாண்டனர். மண்சரிவு எச்சரிக்கை அந்நாட்டில் மூன்று நிறங்களில் தரப்படும். 24 மணி நேரத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் மஞ்சள், 100ஐத் தாண்டினால் செம்மஞ்சள், 150ஐத் தாண்டினால் சிவப்பு; சிவப்பென்றால் வெளியேறவேண்டும். ஆனால் எச்சரிக்கைகள் தமிழில் உரிய நேரத்தில் கிடைக்கவில்லை என்ற குறை அந்நாட்களிற் பரவலாகப் பேசப்பட்டது. மாஸ்டரின் கைத்தொலைபேசிக்கு வந்த செய்தியும் சிங்களத்தில் இருந்தது. நாற்பது ஆண்டுகள் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தவர், தம் உயிரைப் பற்றிய செய்தியை வாசிக்கவியலாது அதனைக் கையில் வைத்திருந்தார்.

வாசித்துச் சொன்னவர் பாஸ். வியாழன் இரவு பதினொரு மணியளவில், மின்சாரமற்ற ஒழுங்கையில் இறங்கிவந்து கதவைத் தட்டினார். “மாஸ்டர், எழும்புங்க. பீலித் தண்ணி கலங்கி வருது. சிவப்புப் போட்டிருக்கான்” என்றார். மேலேயுள்ள லயத்திலிருந்து ஐந்து குடும்பங்களும் அவர் பின்னே இறங்கி வந்துகொண்டிருந்தன. அவர்களுள் ஒரு முதியவள் பிஸ்கட் தகரமொன்றை நெஞ்சோடு அணைத்திருந்தாள். அதனுள் நகையில்லை, அடையாள அட்டைகளும் பிறப்புச் சான்றிதழ்களும் இருந்தன. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டு, எஞ்சியோர் 2003இலேயே முழுமையாகக் குடியுரிமை பெற்ற ஒரு மக்கட் கூட்டத்தினள் அவள். வீடு இடியும்போது அவள் முதலில் எடுத்தது காகிதத்தை என்பதில் வியப்பில்லை.

செல்லவேண்டிய இடம் எது? பெருவீதியின் மறுபக்கம், சரிவுக்கு விலகி, நானாவின் சரக்கறை மட்டுமே இருந்தது. மாஸ்டர் மழையில் ஒரு கணம் தயங்கி நின்றார். ஆறாண்டு மௌனத்தை எந்தச் சொல்லால் முடிப்பது என்று அவர் எண்ணியிருக்கலாம். அதற்குத் தேவை நேரவில்லை. சரக்கறைக் கதவு ஏற்கெனவே திறந்திருந்தது. நானா சாக்கு மூட்டைகளை ஒதுக்கி நிலத்தில் பாய் விரித்துக்கொண்டிருந்தார். “அம்மாவை முதல்ல உள்ளுக்குக் கூட்டி வாங்க மாஸ்டர். கால் ஏலாதவங்க” என்பதே அவர் பேசிய முதல் வார்த்தை. கார்த்திகை விளக்கீட்டுக்கு இன்னும் ஆறு நாட்கள் இருந்தன. மாஸ்டரின் மனைவி அதற்கென வாங்கிவைத்த அகல்விளக்குகளைக் கூடையோடு எடுத்து வந்திருந்தார். பருப்பு மூட்டைகளின் மேல் அவை அவ்விரவே எரிந்தன.

பின்னர் நடந்தது அறிவுடைய செயலன்று. வல்லுநர் எவரேனும் கண்டிருந்தால் மூவரையும் கடிந்திருப்பர். கானை மண் அடைத்து, நீர் நடுவீட்டுக்குள் திரும்பிற்று. நானா தம் அலவாங்கைக் கொண்டுவந்து, தாம் கட்டிய பின்சுவரைத் தாமே இடித்தார். பாஸ் மண்வெட்டியால் அள்ளினார். மாஸ்டர் விளக்குப் பிடித்தார்; அதற்குமேல் அவரால் இயலவில்லை. விடியுமுன் நீர் தன் பழைய இரண்டடியைப் பெற்று ஓடியது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. கீழ்வீட்டு அடுப்பில் சோறும் பருப்பும் ஆயின. நானாவின் மனைவி புதுச்சட்டியொன்றைக் கடையிலிருந்து எடுத்து அதிலேயே சமைத்தார். மாஸ்டர் வீட்டில் வெள்ளிக்கிழமை மச்சம் சேர்ப்பதில்லை என்பது அவருக்கு ஆறாண்டுப் பகையிலும் மறக்கவில்லை. நானா தொழுகைக்குப் போய்வரும்வரை கடையைப் பாஸின் மகன் பார்த்துக்கொண்டான்.

இத்தகைய செய்திகள் உலகெங்கும் உள. 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது பள்ளிவாசல்கள் எல்லாச் சமயத்தாருக்கும் திறந்தன. நீர் வடிந்தபின் முஸ்லிம் இளைஞர் கோயில்களையும் கழுவித் தந்தனர். 2018 ஓகஸ்ட் வெள்ளத்தின்போது கேரளத்தில், திருச்சூர் மாவட்டத்து மாளைக்கு அண்மையில், பள்ளிவாசல் நீரில் கிடந்தமையால் ஹஜ்ஜுப் பெருநாள் தொழுகைக்கு ஒரு கோயில் தன் மண்டபத்தைக் கொடுத்தது. பத்திரிகைகள் இவற்றை வியப்போடு எழுதுகின்றன. வியக்கத்தக்கது எது என்பதில்தான் ஐயம். மண்டபத்தின் திறவுகோலை வைத்திருந்தவரும் தொழ வந்தவரும் அதற்கு முந்திய வாரம் அந்நியராக இருந்திருப்பார்களா? புதுச்சட்டி எடுத்த கை வெள்ளத்தால் உண்டானதன்று.

ஆனால் சரக்கறையின் கதை அங்கு முடியவில்லை. மாஸ்டரும் பாஸும் நான்காம் நாள் தம் வீடு திரும்பினர். லயத்தார்க்குத் திரும்ப வீடில்லை. சுவர்கள் நின்றன, நிலத்தில் ஒரு கை நுழையும் வெடிப்பு ஓடியிருந்தது. அந்த நிலம் அவர்களுடையதன்று. அந்தக் காம்பராக்களும் அவர்கள் பெயரில் இல்லை. பத்து நாட்களின் பின் நத்தார்ச் சரக்கு வந்திறங்கியது. நானா ஒன்றும் சொல்லவில்லை. மூட்டைகளை வீதியோரத்தில் தார்ப்பாயால் மூடி வைத்தார். அதிற் பாதி நனைந்தது. அதைக் கண்ட அம்மக்களே புறப்பட்டனர். மூன்று குடும்பங்கள் உறவினரிடம் சென்றன. இரண்டு, வெடித்த அந்த லயத்துக்கே திரும்பின. முதியவளின் தகரமும் மேலே ஏறிற்று.

கொஸ்லந்தைக்கு அண்மையில் மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை லயங்கள் மண்ணில் புதைந்தன. அங்கிருந்து மக்களை அகற்றவேண்டுமென 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. அயலார் அன்றும் ஓடி வந்தனர், வெறுங்கையால் மண்ணைத் தோண்டினர். உயிர் பிழைத்தோர்க்குப் புதிய வீடு கிடைத்தபோது 2016 ஆகியிருந்தது. பாஸ் கதவைத் தட்டலாம். நானா சரக்கறையைத் திறக்கலாம். ஏழு பேர்ச் நிலமும் அதற்கோர் உறுதியும் அவர்கள் கையில் இல்லை. அவை யார் கையில் உள்ளனவோ, அவர்கள் அன்றிரவு எந்த ஒழுங்கையிலும் இறங்கி வரவில்லை.

ஒழுங்கையில் இப்போது மாஸ்டரும் நானாவும் பேசுகின்றனர். பேச்சு பெரும்பாலும் கானைப் பற்றியதே. சுவரை மீண்டும் கட்டவேண்டும். கான் இரண்டடியாகவே இருக்கவேண்டும் என்கிறார் மாஸ்டர். ஒன்றரை போதும், மாடிக்கு அத்திவாரம் வேண்டாமா என்கிறார் நானா. அலவாங்கால் இடித்தது யார் என்பதையும் அவர் அடிக்கடி நினைவூட்டுகிறார். அளவு நாடாவைப் பிடிக்கும் பாஸ் இரு பக்கமும் தலையசைக்கிறார். லயத்துக் கானையும் ஒருநாள் மேலே சென்று பார்ப்பதென மூவரும் சொல்லியிருக்கின்றனர். மாஸ்டரின் முழங்கால் அதற்கு இன்னும் இடங்கொடுக்கவில்லை.