வாலுள்ள வண்டிகளின் ஊரில் ஒரு பழைய கார்

கனடா நாட்டின் வின்னிப்பெக் நகருக்குப் போகும் நம்மவர்களுக்கு முதலில் சிரிப்பு மூட்டுவது அங்குள்ள கார்கள்தாம். நிறுத்தி வைத்த கார்கள் பலவற்றின் மூக்கிலிருந்து ஒரு மின்கம்பி வால்போலத் தொங்கும். நுனியில் பிளக். பெட்ரோலில் ஓடும் வண்டிக்கு மின்சாரம் எதற்கு என்று நீங்கள் கேட்டால், "ஜனவரி வரட்டும், சொல்கிறோம்" என்பார்கள் உள்ளூர்க்காரர்கள்.

வின்னிப்பெக், மானிடோபா மாநிலத்தின் தலைநகர். செந்நதியும் அசினிபோயின் நதியும் கூடும் இடம். சுற்றிலும் சமவெளி, வாடைக்காற்றைத் தடுக்க ஒரு குன்றுகூட இல்லை. நம் வீட்டு ஐஸ் பெட்டியின் மேல்தட்டில் மீன் கல்லாகக் கிடக்கிறதே, அங்கே சைபருக்குக் கீழே ஏறத்தாழ 18 டிகிரி. வின்னிப்பெக்கின் ஜனவரி இரவு அதைவிடக் குளிர்ந்தது. சில நாட்களில் 30 டிகிரியையும் தாண்டிக் கீழே இறங்கும். கேமரன் மலையில் போர்வை போர்த்திக்கொண்ட அனுபவம் இங்கே உதவாது!

அந்தக் குளிரில் இயந்திர எண்ணெய் பாகாகிவிடும். பேட்டரியின் வலு ஏறத்தாழ பாதியாகக் குறைந்துவிடும். அதனால்தான் இரவில் பிளக்கைச் செருகி இயந்திரத்தைச் சூடாக வைக்கிறார்கள். எல்லைக்குத் தெற்கே, அமெரிக்காவின் கிராண்ட் ஃபோர்க்ஸ் ஊரில் ஆண்ட்ரூ ஃபிரீமன் என்பவர் 1940-களில் இத்தகைய சூடேற்றி ஒன்றைச் செய்து விற்பனைக்குக் கொண்டுவந்தார்.

இந்த ஊரில் உங்கள் பிள்ளை படிக்கப் போகிறான் என்று வைத்துக்கொள்வோம். பேருந்து உண்டு, முதல் ஆண்டு அதிலேயே காலம் தள்ளலாம். பிறகு இரவு வேலை கிடைக்கும். வாடகை குறைந்த அறை தொலைவில் அமையும். பேருந்து நிறுத்தத்தில் இருபது நிமிடம் நின்றால் விரல் மரத்துப்போகும். "ஒரு பழைய கார் வாங்கிக்கொள்ளட்டுமா அப்பா?" என்று தொலைபேசியில் கேட்பான். கேட்பதில் தவறில்லை. ஆனால் பனிநாட்டுக் காருக்கு இரண்டு விலை உண்டு. ஒன்று, கண்ணாடியில் ஒட்டியிருக்கும் விலை. மற்றொன்று, பனிக்காலம் கேட்கும் விலை. முதல் விலைக்கே கைப்பணம் முழுவதையும் கொடுத்துவிட்ட மாணவன், டிசம்பரில் ஓடாத காரோடும் வெறும் பையோடும் நிற்பான். நகையை அடகு வைத்து அனுப்பிய பணம் பனியில் புதைந்து கிடக்கும்.

ஆகவே கையில் 6,000 கனடிய வெள்ளி இருந்தால், 4,500-க்கு மேல் வண்டி பார்க்க வேண்டாம். மிச்சம் டயருக்கும் பேட்டரிக்கும் வரிக்கும் காப்புறுதிக்கும் வேண்டும்.

பளபளப்பைப் பார்க்காதீர்கள், அடிவயிற்றைப் பாருங்கள்

கடலோரத்தில் இருப்பவர்களுக்கு உப்புக்காற்று இரும்பைத் தின்பது தெரியும். பனி நாடுகளில் பனியைக் கரைக்க சாலையிலேயே உப்பைத் தூவுகிறார்கள். கடுங்குளிரில் உப்பு வேலை செய்யாது என்பதால் வின்னிப்பெக்கில் மணலும் இறைப்பார்கள். உப்புச் சேறு காரின் அடியில் ஒட்டிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் அரிக்கிறது. மேலே மெழுகு பூசிய மணமகன் போலிருக்கும் கார், கீழே சல்லடையாக இருக்கலாம்.

கதவுக்குக் கீழுள்ள பட்டையையும் சக்கர வளைவையும் தட்டிப் பார்க்க வேண்டும். துணியில் சுற்றிய காந்தம் ஒன்று போதும். மாவு அடைத்துச் சாயம் பூசிய இடத்தில் அது ஒட்டாது. பிரேக் எண்ணெய் போகும் மெல்லிய குழாய்களைக் கவனிக்க வேண்டும். அவை துருப்பிடித்து வெடித்தால் உயிருக்கே ஆபத்து. அடியில் புதிதாகக் கறுப்புப் பூச்சு அடித்திருந்தால் எதை மறைக்கிறார்கள் என்று கேட்க வேண்டும். விற்பவருக்குச் சம்பந்தமில்லாத பட்டறையில் வண்டியைத் தூக்கிப் பார்க்கக் கொடுக்கும் கூலி வீண் செலவல்ல.

இன்னொன்று. பார்க்கப் போகும்போது இயந்திரம் குளிர்ந்திருக்க வேண்டும். முன்மூடியில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால், நீங்கள் வருமுன்பே கிளப்பி வைத்திருக்கிறார்கள் என்று பொருள். குளிரில் கிளம்புமா என்பதுதானே நமக்குத் தெரிய வேண்டியது?

காகிதங்களும் கவனிக்க வேண்டியவை

மானிடோபாவில் பழைய வண்டியைப் பெயர் மாற்றிப் பதிவு செய்யப் பாதுகாப்புச் சோதனைச் சான்றிதழ் தேவை. "இருக்கிறபடியே வாங்கிக்கொள், விலை மலிவு" என்பவரிடம் விலகி நிற்பது நல்லது. சான்றிதழுக்காகச் செய்யும் பழுதுவேலை காரின் விலையையே தாண்டிவிடலாம். பழைய உரிமையாளர் வண்டியின் மீது கடன் வைத்திருக்கிறாரா என்பதையும் அரசுப் பதிவேட்டில் தேட வேண்டும். கடன் இருந்தால் வண்டியையே இழக்க நேரிடும். தனியாரிடம் வாங்கினாலும் பதிவின்போது 7 விழுக்காடு மாநில விற்பனை வரி உண்டு.

அடிப்படைக் காப்புறுதி 1971 முதல் அங்கே அரசு நிறுவனத்தின் பொறுப்பு. ஆட்டோபேக் என்பார்கள். வண்டியின் ரகம், குடியிருக்கும் பகுதி, ஓட்டுநரின் வரலாறு முதலியவற்றைப் பார்த்துக் கட்டணம் போடுவார்கள். காரின் எண்ணைக் கொடுத்து, வாங்குமுன்பே முகவரிடம் தொகையைக் கேட்டுக்கொள்ளலாம்.

நம் ரப்பருக்கும் அங்கே வேலை உண்டு

சாதாரண டயர் 7 டிகிரிக்குக் கீழே இறுகத் தொடங்கும். இறுகிய ரப்பர் பனிக்கட்டியில் சோப்புக்கட்டி போல வழுக்கும். பனிக்கால டயரின் ரப்பர் குளிரிலும் மிருதுவாக இருக்கும். நம் பால்மரம் தரும் இயற்கை ரப்பரை அதில் கூடுதலாகச் சேர்ப்பது வழக்கம். அதன் மேல் மெல்லிய கீறல்கள் இருக்கும், வெட்டுமரத்தின் பட்டையில் கத்தி ஓடிய கோடுகளைப் போல. மூன்று சிகர மலையும் நடுவே பனிப்பூவும் அதன் அடையாளம். கியூபெக் மாநிலத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை இது சட்டப்படி கட்டாயம். மானிடோபாவில் கட்டாயமில்லை. ஆனாலும் நான்கு சக்கரத்துக்கும் மாட்டுவதே புத்தி. இரண்டு மட்டும் மாட்டினால் வண்டி வளைவில் சுழலும். பழைய டயர் வாங்கினால், கோட்டின் ஆழம் 4 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது.

வண்டியில் ஒரு மண்வாரி, கம்பளி, கைவிளக்கு, பேட்டரிக் கம்பி, கொஞ்சம் மணல் எப்போதும் இருக்கட்டும். பனிப்புயலில் ஊருக்கு வெளியே சிக்கினால் காரை விட்டு இறங்கி நடக்கக் கூடாது. பத்தடியில் வழி தெரியாமல் போகும். புகைக்குழாயை அடைத்த பனியை முதலில் அகற்ற வேண்டும். இல்லையேல் நச்சுப்புகை உள்ளே திரும்பி, தூக்கத்திலேயே உயிரைப் பறிக்கும். அதன்பின் மணிக்குப் பத்து நிமிடம் மட்டும் இயந்திரத்தை ஓட்டி, காற்றடிக்காத பக்கத்து ஜன்னலைச் சிறிது திறந்து வைத்துக்கொண்டு, உதவி வரும்வரை காத்திருக்கலாம். அந்த இரவில் அந்தப் பழைய கார்தான் உங்கள் பிள்ளைக்கு வீடு.

எனவே பெற்றோர்களே, தொலைபேசி வரும்போது, "என்ன நிறம், என்ன கம்பெனி?" என்று கேட்காதீர்கள். "அடியில் துரு பார்த்தாயா? குளிரில் கிளப்பிப் பார்த்தாயா? டயருக்குப் பணம் வைத்திருக்கிறாயா?" என்று மூன்றே கேள்வி கேளுங்கள். மூன்றுக்கும் நேரான பதில் வந்தால் பணம் அனுப்புங்கள். வராவிட்டால், இந்தப் பனிக்காலம் பேருந்திலேயே போகட்டும்; நல்லதாக ஒரு தடித்த கோட்டு வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.