ரிலீவர் வரும்வரை

ஒரு மீட்டர் அகலமுள்ள தாளில் 25 ஆண்டுகளைப் பரப்பினால் ஒரு நாளுக்கு எவ்வளவு இடம் கிடைக்கும்? 0.11 மில்லிமீட்டர். 2025 ஜூன் 26-ஆம் தேதி சர்வதேச விண்வெளி நிலையத்துக்குள் நுழைந்து 18 நாள் தங்கிய சுபான்ஷு சுக்லா, அந்தத் தாளில் 2 மில்லிமீட்டர். தொடர்ந்து 371 நாள் விண்வெளியில் இருந்த அமெரிக்கர் ஃபிராங்க் ரூபியோ 4 சென்டிமீட்டர்.

இந்தக் கணக்கைப் போட்டவள் என் அக்கா மகள். சென்னையில் டிசைன் படிக்கிறாள், மூன்றாம் வருடம். பொதுவில் கிடைக்கும் ஏதாவது ஒரு தரவை எடுத்துப் படமாக்க வேண்டும் என்பது அந்த செமஸ்டரின் ப்ராஜெக்ட். கூடப் படிப்பவர்கள் கிரிக்கெட், சினிமா வசூல் என்று போக, இவள் விண்வெளி நிலையங்களில் தங்கியவர்களின் பட்டியலை எடுத்தாள். விழுப்புரத்துப் பிள்ளைக்கு இதில் பெரிய ஆச்சரியம் இல்லை. 2023 ஆகஸ்ட் 23 அன்று நிலவில் இறங்கிய சந்திரயான்-3 திட்டத்தின் இயக்குநர் வீரமுத்துவேல் எங்கள் ஊர்க்காரர். ரயில்வே தொழிலாளியின் மகன், ரயில்வே பள்ளியில் படித்தவர். அன்றிலிருந்து எங்கள் தெருவில் யாருக்கு மார்க் குறைந்தாலும் அவர் பெயரைச் சொல்லித்தான் திட்டு விழுகிறது.

"இந்த டேட்டாவ கொஞ்சம் க்ளீன் பண்ணித் தரியா சித்தி?" என்று ஃபைலை அனுப்பினாள். என் பிழைப்பே அதுதான் என்பதால் தட்ட முடியவில்லை. பெயர், நாடு, போன தேதி, வந்த தேதி. ஒரே ரஷ்யப் பெயர் மூன்று விதமாக எழுதப்பட்டிருந்தது. அதெல்லாம் அரை மணி நேர வேலை. மாட்டிக்கொண்டது 'நாடு' என்ற பத்தியில். செர்கெய் கிரிகால்யோவ் 1991 மே மாதம் மிர் நிலையத்துக்குக் கிளம்பியபோது சோவியத் குடிமகன். 1992 மார்ச்சில் இறங்கியபோது அந்த நாடே இல்லை. பிறந்த ஊரான லெனின்கிராடுக்கும் பெயர் மாறியிருந்தது. அவர் அவ்வளவு நாள் மேலே இருந்ததற்குக் காரணம் எளிமையானது. அக்டோபரில் வந்த விண்கலத்தில், அவர் இடத்தை எடுத்துக்கொள்ள வேண்டியவருக்குப் பதிலாக, நீண்ட நாள் தங்கப் பயிற்சி பெறாத கசாக் வீரர் ஒருவர் அனுப்பப்பட்டார். மாற்று ஆள் வரவில்லை, கிரிகால்யோவ் இருந்துவிட்டார்.

"இவருக்கு என்ன கலர் குடுக்கறது சித்தி?"

அவளுடைய முதல் வடிவத்தில் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு நிறம். நாள் கணக்குப்படி, நீளமானது மேலே, குட்டையானது கீழே. பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் ஸ்கோர் போர்டு மாதிரி இருந்தது. அடிமட்டத்தில் இந்தியாவின் 2 மில்லிமீட்டர் காவி நிறத்தில் பரிதாபமாக ஒட்டிக்கொண்டிருந்தது.

பூஜை விடுமுறைக்கு இருவரும் விழுப்புரம் போனபோது அப்பா அதைப் பார்த்தார். அப்பா ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். லேப்டாப்பைக் கொஞ்சம் தள்ளி வைத்துப் பார்த்துவிட்டு, "இது கண்ட்ரோல் சார்ட்டு மாதிரி இருக்கே பாப்பா" என்றார்.

ரயில்வே கண்ட்ரோல் ஆபீஸில் போடும் சார்ட்டைப் பார்க்காதவர்களுக்காக: இடமிருந்து வலமாக நேரம், மேலிருந்து கீழாக ஸ்டேஷன்கள். ஒவ்வொரு ரயிலும் ஒரு சாய்வுக் கோடு. கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் ஒரு வண்டி நின்று இன்னொன்றுக்கு வழி விடுகிறது. எட்வர்ட் டஃப்டி 1983-இல் எழுதிய, டிசைன் மாணவர்கள் இன்றும் படிக்கும் புத்தகத்தின் அட்டையில் இருப்பது இதே வகைப் படம்தான்: பாரிஸ்–லியோன் ரயில்களின் 19-ஆம் நூற்றாண்டு அட்டவணை. அப்பாவுக்கு டஃப்டியைத் தெரியாது. சார்ட்டைத் தெரியும்.

"எவன் எத்தன நாள் இருந்தான்னு எதுக்கு வரிசப்படுத்தியிருக்க? யாரு வந்து யாரை அனுப்பிச்சாங்க, அதப் போடு. சார்ஜ் எடுக்க ஆள் வந்து டைரில கையெழுத்துப் போடாம நாங்க சீட்ட விட்டு எழுந்ததில்ல."

அவள் வந்த தேதிப்படி மாற்றி அடுக்கினாள். அரை நிமிட வேலை. படம் வேறாகிவிட்டது. 2000 நவம்பர் 2-ஆம் தேதி மூன்று கோடுகள் தொடங்குகின்றன. அதில் ஒன்று அதே கிரிகால்யோவ். அன்றிலிருந்து இன்றுவரை குறுக்கே எங்கே விரலை வைத்தாலும் ஒரு கோடாவது இருக்கிறது. 2003-இல் மட்டும் படம் மெலிகிறது. பிப்ரவரி 1 அன்று கல்பனா சாவ்லாவோடு கொலம்பியா உடைந்து விழுந்தது. ஷட்டில்கள் நின்றுபோயின. நிலையத்தைக் காலி செய்யாமல் இருக்க இரண்டிரண்டு பேராக அனுப்பினார்கள். 2006 ஜூலை வரைக்கும் பெரும்பாலும் இரண்டே கோடுகள். ஒரு விபத்தை, விபத்து என்று எழுதாமலே அந்தப் படம் சொல்லியது.

நீளமான கோடுகளின் அர்த்தமும் மாறியது. ரூபியோவின் 4 சென்டிமீட்டர் சாதனைக்காக இழுத்த கோடு இல்லை. அவர் திரும்ப வேண்டிய விண்கலத்தில் 2022 டிசம்பரில் குளிரூட்டி கசிந்தது. வேறு கலம் வந்து, மாற்றுக் குழுவும் வரும்வரை இருந்தார். சுனிதா வில்லியம்ஸ் எட்டு நாளுக்கென்று போய் 286 நாள் இருந்தார். அடுத்த குழு 2025 மார்ச் 16 அன்று வந்து சேர, 18-ஆம் தேதி கிளம்பினார். சார்ஜ் கைமாறிய அந்த இரண்டு நாள் தாளில் 0.2 மில்லிமீட்டர், கண்ணுக்கே தெரியாது. இருபத்தைந்து வருடமும் அந்த 0.2 மில்லிமீட்டர்களில்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவள் நாட்டு நிறங்களை எடுத்துவிட்டு எல்லாக் கோட்டையும் சாம்பலாக்கி, கோடுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறும் இடங்களை மட்டும் சிவப்பில் தடிமனாக்கினாள்.

அம்மா அதுவரை சோபாவில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "வீட்ல இருந்தவங்களுக்கு எந்தக் கோடு?" என்றார், தலையைத் தூக்காமல்.

எங்கள் எல்லோருக்கும் புரிந்தது. 2011 டிசம்பர் 30, தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை கடந்த விடியற்காலை. அப்பா கடலூர் லைனில் ஒரு சின்ன ஸ்டேஷனில் நைட் ட்யூட்டி. எங்கும் மரம் விழுந்து ரிலீவர் வர வழியில்லை. அவர் அன்று பகல் முழுக்க இருந்து, மறுநாள்தான் வீட்டுக்கு வந்தார். வீட்டில் சமையலறை ஷீட் பறந்துவிட்டது. அம்மா, அக்கா, நான், ஆறு வயது அக்கா மகள், நான்கு பேரும் கட்டிலுக்கடியில் இருந்தோம். போன் இல்லை, கரண்ட் இல்லை, அவர் உயிரோடு இருக்கிறாரா என்றும் தெரியாது. வந்தவர் முதலில் கேட்டது, "எல்லாரும் சாப்டீங்களா?" அம்மா பதில் சொல்லவில்லை. பதினான்கு வருடமாக அதற்குப் பதில் சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

2003-இன் அந்த இரண்டு கோடுகளில் ஒருவர் யூரி மாலென்சென்கோ. அந்த ஆகஸ்டில் அவர் மேலே இருந்தபடியே கல்யாணம் செய்துகொண்டார். மணப்பெண் டெக்சாஸில், மாப்பிள்ளை 400 கிலோமீட்டர் உயரத்தில். விழுப்புரத்திலிருந்து ரயிலில் சாத்தூர் போகிற தூரம்தான் ஏறக்குறைய. பட்டியலில் மணப்பெண்ணுக்குப் பத்தி கிடையாது. யார் எத்தனை இரவு தூங்கவில்லை என்பதை எந்த விண்வெளி நிறுவனமும் ஃபைலாக வெளியிடுவதில்லை.

அக்கா மகள் படத்தின் அடியில், அதே காலக்கோட்டை வைத்து, இன்னொரு பட்டை சேர்த்தாள். 25 வருட நீளம், உள்ளே எதுவும் இல்லை. இடது ஓரத்தில் சின்ன எழுத்தில்: காத்திருந்தவர்கள் – தரவு இல்லை. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைப் படித்தார். "ம்" என்றார். அப்பா ஒன்றும் சொல்லாமல் கீரைத் தண்டுகளைப் பொறுக்கிக் குப்பைக்கூடையில் போட்டார்.

ராத்திரி சாப்பிடும்போது, 2030 வாக்கில் அந்த நிலையத்தையே கடலில் இறக்கிவிடத் திட்டம் இருப்பதை அவள் தாத்தாவிடம் சொன்னாள். அவர் ரசத்தைப் பிசைந்துகொண்டே கொஞ்ச நேரம் யோசித்தார்.

"அப்போ கடைசியா இருக்கறவன், சார்ஜ் யார்கிட்ட குடுத்துட்டு வருவான்?"

அம்மாதான் பதில் சொன்னார். "வீட்டுக்கு வந்து குடுப்பான். சாப்பிடுங்க."