641 எப்படி வந்தது, சார்?

கணக்கு வாத்தியாராக இருந்த காலத்தில் 4294967297 என்ற எண்ணை வைத்து நான் நிறைய வேடிக்கை காட்டியிருக்கிறேன். பாடப்புத்தகத்தில் இல்லாத எண். 2இன் 32ஆம் அடுக்கோடு 1 கூட்டினால் வருவது. 3, 5, 17, 257, 65537 என்று இதே வார்ப்பில் வந்தவை எல்லாம் பகா எண்களாக இருக்கவே, அடுத்ததாக வரும் இதுவும் அப்படித்தான் என்று ஃபெர்மா நம்பினார். 1732இல் ஆய்லர், இதை 641 மீதியில்லாமல் வகுக்கிறது, ஈவு 6700417 என்று காட்டினார். இவ்வளவையும் சொல்லிவிட்டு, "அவர்தாண்டா மேதை" என்று முடிப்பேன். பையன்கள் வாயைப் பிளப்பார்கள்.

ஒருவன் மட்டும் எழுந்தான். "641ன்னு எப்படி சார் கண்டுபிடிச்சார்? மூணு, அஞ்சு, ஏழுன்னு ஒவ்வொண்ணா வகுத்தா?"

எனக்குத் தெரியாது. "போய் ஆய்லரையே கேளு" என்றேன். வகுப்பே சிரித்தது, அவன் உட்கார்ந்துவிட்டான். அந்தச் சிரிப்பு எனக்கு வேண்டியிருந்தது. 'மேதை' என்று நான் அத்தனை வருஷம் சொல்லிவந்ததும் மரியாதையால் அல்ல. அந்தச் சொல்லுக்குப் பிறகு யாரும் கேள்வி கேட்பதில்லை.

பிறகுதான் ஒளிந்து உட்கார்ந்து படித்தேன். ஒவ்வொன்றாகப் போனால் 641 என்பது 116ஆவது பகா எண். ஆய்லருக்கு அந்தப் பாடு தேவைப்படவில்லை. ஒரு பகா எண் நம் எண்ணை வகுக்குமானால், அதனால் 2இன் 32ஆம் அடுக்கை வகுக்க மீதி −1. எனவே 64ஆம் அடுக்கில் மீதி 1. அதற்கு முன்பு எந்த அடுக்கிலும் 1 வராது. அந்தப் பகா எண்ணில் ஒன்றைக் குறைத்துக் கிடைப்பதை அடுக்காக வைத்தாலும் மீதி 1 வந்தாக வேண்டும். ஆகவே ஒன்று குறைத்தது 64ஆல் வகுபடும். அப்படிப்பட்ட பகா எண்களை வரிசையாக எழுதினால் 193, 257, 449, 577, 641. ஐந்தாவதிலேயே அகப்பட்டுவிடுகிறது! பத்தாம் வகுப்புப் பையன் ஒரு பக்கத்தில் போட்டுவிடக்கூடிய கணக்கு.

இதில் பயன்படும் மீதி விதி ஃபெர்மாவே கண்டது. கருவியைக் கையில் வைத்துக்கொண்டு அவரும் கோட்டைவிட்டார் என்று அறிந்தபோது எனக்கு அற்ப சந்தோஷம். அதுவும் நிலைக்கவில்லை. தன்னிடம் நிரூபணம் இல்லை என்பதை அவர் 1640இலேயே கடிதத்தில் ஒப்புக்கொண்டிருந்தார்.

மறுநாளே அந்தப் பையனைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். அவன் அதே பள்ளியில்தான் இருந்தான், தினமும் வணக்கம் வைத்தான். நான் அடுத்த ஆண்டுக்காகக் காத்திருந்தேன். புதிய வகுப்பில் அந்த ஐந்து எண்களையும் கரும்பலகையில் எழுதி, ஏதோ காலங்காலமாகத் தெரிந்ததுபோல விளக்கினேன். கைதட்டினார்கள். வாங்கிக்கொண்டேன்.