சத்தத்தைக் குறைக்கச் சொல்வது யார்?

திருவையாறு என்றால் இசை என்கிறார்கள். தியாகராஜர் சமாதி இருக்கிறது, அரசு இசைக் கல்லூரி இருக்கிறது, வருஷா வருஷம் ஆராதனை நடக்கிறது. அந்த மேடையில் 1946இல் தண்டபாணி தேசிகர் தமிழ்ப் பாட்டுப் பாடியதற்கே பெரிய ரகளை ஆனது. தமிழுக்கே அந்தக் கதி என்றால் தப்புக்கு? எங்கள் தப்புக்கு விட்டுவைத்த மேடை சுடுகாட்டுப் பாதைதான். எங்கள் தெருவுக்கு மைக் வந்தது தேர்தல் காரில்.

சாவுக்கு அடிக்க வரமாட்டோம் என்று சொல்லித் தப்பை இறக்கி வைத்தவர்களில் எங்கள் அப்பாவும் ஒருவர். அந்த வீட்டில் பிறந்த தம்பி எலெக்ட்ரிக் கிதார் கற்றுக்கொண்டான். "கிதார எடுத்துக்கிட்டு வாடான்னு எவனும் வாசல்ல வந்து நிக்கமாட்டான்க்கா" என்பான். அந்த ஒரு வரிக்குள் நம்முடைய நூறு வருஷம் இருக்கிறது.

போன கோடையில் அவன் தன் ஆம்பின் சத்தத்தை வீட்டுக் கணினியில் பதிவு செய்தான். கூட இருந்து பார்த்தேன்.

கிதாரின் இரும்புக் கம்பி அதிர்கிறது. கீழே இருக்கும் காந்தச் சுருள் அதைச் சின்ன மின்சாரமாக மாற்றுகிறது. ஆம்ப் அதைப் பெருக்க, ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு காற்றை உதைக்கிறது. அளவுக்கு மீறி முறுக்கினால் ஒலி அலையின் உச்சி நசுங்கிக் கரகரப்பு பிறக்கிறது. கிதார்க்காரர்கள் தேடுவது இந்தக் கரகரப்பைத்தான். ஆனால் அதை ஸ்பீக்கர் இல்லாமல் வயர் வழியாகவே கணினிக்குள் விட்டால், தகரத்தில் ஆணி கீறுகிற மாதிரி இருக்கும். காதைக் கிழிக்கும் மேல் ஒலிகளை வடிகட்டுவது ஸ்பீக்கர்தான். அதனால் ஸ்பீக்கருக்கு முன்னால் மைக் வைக்க வேண்டும். ஸ்பீக்கருக்குப் போகும் வயரைப் பிடுங்கிக் கணினியில் செருகிவிடக் கூடாது. இரண்டு கருவியும் பாழாகலாம்.

தொகுப்பு வீட்டுச் சுவர் எதிரொலிக்கிறது என்று நெல் மூட்டைகளைச் சுற்றி அடுக்கினோம். மின்விசிறியை நிறுத்தினோம். 1965இல் வந்த ஷ்யூர் எஸ்.எம். 57 பெருஞ்சத்தத்தைத் தாங்கும் மைக். அதைக் கூம்புக்கு ஓரிரு அங்குலம் தள்ளி வைத்தான். நடுவுக்கு நேராக வைத்தால் ஒலி கூர்மை. ஓரத்துக்கு நகர்த்தினால் மங்கல். மைக்குக்கும் கணினிக்கும் நடுவில் இருக்கும் இன்டர்பேஸ் பெட்டி நொடிக்கு 44,100 முறை ஒலியை அளந்து எண்ணாக்குகிறது. மீட்டர் பூஜ்யத்தைத் தாண்டினால் உச்சி வெட்டுப்படும், வெட்டுப்பட்டது திரும்பாது. அதனால் உச்சத்தை மைனஸ் 12 டெசிபல் பக்கம் நிறுத்தினான். ஆம்பில் நசுங்கினால் அது இசை, கணினியில் நசுங்கினால் சேதம்.

அப்பா கேட்டுவிட்டுச் சொன்னார்: "என்னம்மா இது, தோலு கிழிஞ்ச தப்பு மாதிரில்ல கத்துது!"

அவர் சொன்னதில் தப்பே இல்லை. 1951இல் மிசிசிப்பி டெல்டாவிலிருந்து மெம்பிஸ் போன கறுப்பு இளைஞர்கள் 'ராக்கெட் 88' பாட்டைப் பதிவு செய்தார்கள். வழியில் ஆம்ப் பழுதாகியிருந்தது. ஸ்பீக்கருக்குள் காகிதத்தைத் திணித்து வாசித்தார்கள். ஸ்டூடியோ நடத்திய சாம் பிலிப்ஸ் அந்தக் கரகரப்பை ஒதுக்கவில்லை, அப்படியே எடுத்தார். அந்த டெல்டாவில் பருத்தி, இந்த டெல்டாவில் நெல். இரண்டிலும் வயலில் குனிந்தவர்கள் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் கலைக்குழு ஒரு நகரத்து ஸ்டூடியோவுக்குப் போனபோது கண்ணாடிக்குப் பின்னாலிருந்து ஒரே பேச்சு: "மெதுவா அடிங்க, மீட்டர் செவக்குது." மெதுவாக அடித்தால் அது தப்பா? கடைசியில் கீபோர்டு மேலே நின்றது, தப்பு அடியில் போய்ப் படுத்தது. உடைந்த ஸ்பீக்கரின் சத்தம் கலையாம், காய்ச்சிய தோலின் சத்தம் இரைச்சலாம்! இந்தத் தீர்ப்பை எழுதியது எந்த மீட்டர்?

கிதாரோடு தப்பையும் பதிவு செய்யலாம் என்றேன். தம்பி முகம் சுருங்கியது. "அப்பா எறக்கி வச்சத நாம ஏன்க்கா மறுபடி தூக்கணும்?"

இந்தக் கேள்வி நம் இயக்கத்துக்குள் ரொம்ப நாளாக இருக்கிறது. இரண்டு பக்கமும் வலி இருக்கிறது. நான் 2018 ஜனவரி 6ஆம் தேதியைச் சொன்னேன். அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' மேடையேறியது. பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் தென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு அது. அயோத்திதாசரின் 'சாதியற்ற தமிழர்' என்ற சொல்லிலிருந்து பெயர் எடுத்தது. கானா, பறை, எலெக்ட்ரிக் கிதார் எல்லாம் ஒரே மேடையில். யாரும் யாரையும் சாவுக்குக் கூப்பிடவில்லை. கூப்பிட்டதற்காக அடிப்பது வேறு, நாமே முடிவு செய்து அடிப்பது வேறு.

அப்பா ஒன்றும் பேசவில்லை. வைக்கோலைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சினார். உட்கார்ந்து அடித்தார். முதல் அடியிலேயே மீட்டர் சிவந்தது. தம்பி வாயைத் திறக்கவில்லை. மைக்கை இரண்டடி பின்னுக்கு நகர்த்தினான், குமிழைத் திருகிக் குறைத்தான். "இப்ப அடிங்கப்பா, எவ்வளவு வேணுமோ அடிங்க."

அப்பாவின் கை குறையவில்லை.

கணினி விடுதலை தராது, தோழர்களே. ஆனால் குமிழ் நம் கையில் இருந்தால் யாரை அடக்குவது, எதை மேலே வைப்பது என்று நாம் முடிவு செய்யலாம். ஆடாசிட்டி போன்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. உங்கள் தெருவில் தப்போ, ஒப்பாரியோ, கிதாரோ எதுவானாலும் பதிவு செய்யுங்கள். கோப்புக்கு 'நாட்டுப்புற இசை 1' என்று பெயர் வைக்காதீர்கள். அடித்தவர் பெயரை, அவர் ஊரை, தேதியை எழுதுங்கள்.