போசனசாலை மாமா

தியத்தலாவையின் மார்கழி விடியற்காலை எவ்வாறிருக்கும் என்பதை அங்கு வாழ்ந்தவரே அறிவர். ஏறத்தாழ 4,000 அடி உயரத்திலுள்ள அம்மலைவெளியில், பனி கலையுமுன்னரே எங்களை ஓட விடுவார்கள். விறைத்த விரல்களோடு போசனசாலைக்குள் நுழையும்போது, ஆவி பறக்கும் தேநீர்க் கோப்பையை முதலில் நீட்டுவது ஒரு முதியவரின் கை. 1969 ஆம் ஆண்டு நான் அங்கே இராணுவ அதிகாரியாவதற்குப் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்தேன். பயிற்சியாளருள் நான் ஒருவனே தமிழன்.

அம்முதியவருக்கும் ஒரு பெயர் இருந்தது. ஆயினும் நாங்கள் அனைவரும் அவரை 'மாமா' என்றே அழைத்தோம். சிங்களத்திலும் தமிழிலும் ஒரே ஒலியோடு வழங்கும் உறவுச் சொல் அது.

அவர் அரசாங்க ஊழியரல்லர். உணவு ஒப்பந்தக்காரர் ஒருவரின் நாட்கூலி. ஹப்புத்தளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்தில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், வெள்ளைக்காரச் சிப்பாய்களின் சமையற்கட்டில் பாத்திரம் கழுவத் தொடங்கியவர். எவன் மாட்டிறைச்சி உண்பதில்லை, எவனுக்குக் காய்ச்சல், எவன் வீட்டுக் கடிதம் வராமல் வாடுகிறான் என்பதெல்லாம் எங்கள் அதிகாரிகளைவிட அவருக்கே நன்கு தெரியும். தண்டனை முடிந்து நேரந்தாழ்த்தி வருபவனுக்கு இரண்டு ரொட்டி மூடிவைத்திருப்பார். வெள்ளிக்கிழமைகளில், நான் கேளாமலே, இறைச்சிக்குப் பதிலாக உருளைக்கிழங்குக் கறி என் தட்டில் விழும்.

ஒரு நாள் உணவு மேசையில் நண்பனொருவன், "மாமா உங்கள் ஆள்தானே?" என்று விளையாட்டாகக் கேட்டான்.

"இல்லை. அவர்கள் இந்தியத் தமிழர். நாங்கள் யாழ்ப்பாணம், வேறு," என்றேன்.

ஆங்கிலத்திலேதான் சொன்னேன். வெள்ளைக்காரருக்கு ஆண்டுக்கணக்காகப் பரிமாறியவருக்கு அவ்வளவு ஆங்கிலம் விளங்காதென எண்ணியது என் பேதைமை. எனக்குப் பின்னால் கரண்டி ஒரு கணம் நின்றது. பின்னர் வழக்கம்போலவே கறி தட்டில் விழுந்தது. அன்று வெள்ளிக்கிழமை, உருளைக்கிழங்குதான்.

1970 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு மாலை, அவர் என்னை அடுப்படிக்குப் பின்னால் அழைத்து ஒரு படிவத்தை நீட்டினார்.

"தம்பி, இதக் கொஞ்சம் நெரப்பித் தாங்க. மகன் இந்தியாவுக்குத்தான் எழுதச் சொல்றான். இங்க இருந்தா பேரப்புள்ளைகளுக்கு ஒரு வழியும் இல்லேங்கிறான்."

"மாமா, நீங்கள் இந்தியாவைப் பார்த்திருக்கிறீர்களா?"

"எங்கப்பா பார்த்திருக்காரு, தம்பி."

1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் அவரையும் அவரைப் போன்ற இலட்சக்கணக்கான தோட்டத் தொழிலாளரையும் நாடற்றவராக்கியது. அதனைத் தொடர்ந்து வாக்குரிமையும் போயிற்று. பின்வந்த சட்டங்களை ஆதரித்தோருள் வடபுலத்துத் தமிழ்ப் பிரதிநிதிகளும் இருந்தனர். 1964 ஒக்டோபர் 30 இல் கைச்சாத்திடப்பட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும், 300,000 பேரை இலங்கைக்குமாகப் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேரை 1974 இல் இரு நாடுகளும் பாதிபாதியாகப் பிரித்துக்கொண்டன. 1948 இல் இவ்வநீதியை எதிர்த்து நின்ற இடதுசாரிக் கட்சிகளுள் ஒன்று, 1964 இல் அரசாங்கத்தின் பங்காளியாயிருந்தது என்பதையும் நாம் மறைத்தலாகாது.

அன்று காலையிலேதான் தாய்நாட்டைக் காத்தல் பற்றி எங்களுக்கு ஒரு விரிவுரை நடந்திருந்தது. மாலையில், அந்நாட்டைக் காக்கவிருப்போருக்குச் சோறிட்டவரை அந்நாட்டிலிருந்து அனுப்பும் படிவத்தை என் பேனா நிரப்பிற்று. பிறந்த இடம் என்ற கூட்டில் தோட்டத்தின் பெயரை எழுதினேன். இந்தியாவிலுள்ள சொந்த ஊர் எது என்று கேட்டபோது, தந்தை வாயிலாகக் கேட்டறிந்த ஒரு கிராமத்தின் பெயரைச் சொன்னார். அதை எவ்வாறு எழுதுவதென்று இருவருக்குமே தெளிவில்லை. முடிவில் பெருவிரலை மையில் தோய்த்து அழுத்தினார். பின்னர் அதே கையால் எனக்குத் தேநீர் ஊற்றித் தந்தார்.

மேசையில் நான் சொன்ன வார்த்தைக்கு அன்று மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

1972 இல் அவர் புறப்பட்டார். அப்போது நான் வேறொரு முகாமில் இருந்தேன். விடுமுறை கேட்டிருந்தால் கிடைத்திருக்கும், அதையும் கேட்கவில்லை. பிரிவோரின் அழுகையால் 'ஒப்பாரிக் கோச்சி' என்றே மலையக மக்கள் பெயரிட்ட புகைவண்டி அவரைத் தலைமன்னாருக்குக் கொண்டுசென்றது. அங்கிருந்து இராமேசுவரத்துக்குக் கப்பல். அதன்பின் அவரைப் பற்றி ஒரு செய்தியும் எனக்கு எட்டவில்லை.

நான் பின்னர் படையை விட்டு ஆசிரியனானேன். நாடற்றோராய் இங்கு எஞ்சியிருந்தோருக்கு 2003 ஆம் ஆண்டுச் சட்டம் பிரஜாவுரிமை வழங்கியபோது, வகுப்பில் அதை மாணவருக்கு விளக்கினேன். சட்டங்களின் ஆண்டுகளை அவர்கள் ஒழுங்காக எழுதிக்கொண்டார்கள். அச்சட்டங்களுக்கு முகமொன்று இருந்ததை நான் அவர்களுக்குச் சொல்லவில்லை. சொன்னால் என் முகத்தையும் காட்ட வேண்டியிருக்கும்.

சட்டம் செய்த கொடுமையைச் சட்டத்தின் மேற் சுமத்திவிட்டு நாம் கைகழுவ முடியாது. ஒரே மொழி பேசுபவரை 'வேறு' என்று நான் மேசையிலிருந்து சொன்னதைத்தான் சட்டம் மன்றத்திலிருந்து சொன்னது. நமது வகுப்பறைகளில் இப்போதும் 'தோட்டக்காட்டான்' என்ற சொல் கேட்பதுண்டு. ஆசிரியர் அதைக் கேட்டும் கேளாதவர்போல் இருந்துவிட்டால், அங்கே இன்னுமொரு படிவம் நிரப்பப்படுகிறது.

"மாமா உங்கள் ஆள்தானே?"

ஆம், என் ஆள்தான். அவர் காது கேட்கச் சொல்லியிருக்க வேண்டிய விடை இது.