ஆரக்கம்பியின் சுதி

மாட்டு வண்டி பார்த்து வளர்ந்த நமக்கு, ஆரக்கால் என்றால் பாரத்தைத் தாங்கி நிற்கும் தூண் என்றே எண்ணம். கம்பிச் சக்கரம் அத்தகையதன்று. மெல்லிய கம்பி தூணாக நிற்காது. இழுத்துப் பிடிக்கவே வல்லது. நடுக் குடத்துக்கும் ரிம்முக்கும் இடையே கம்பிகள் அனைத்தும் ஒருசேர இழுத்து நிற்பதுதான் அச்சக்கரத்தின் வலிமை. 1808-இல் ஜார்ஜ் கேலி இதனைச் சிந்தித்தார். 1874-இல் ஜேம்ஸ் ஸ்டார்லி, கம்பிகளைக் குடத்தின் விளிம்பினின்று சாய்வாகக் கோக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். நாம் அலுவலகத்துக்கு மிதித்த சைக்கிளும், இன்று பிள்ளைகள் ஓட்டும் மண்பாதை மோட்டார் சைக்கிளும் அவ்வழி வந்தவையே.

இவற்றை நாம் ஆராயப் புகுந்த காரணம் எளிது. கல்லூரி முடித்த நம் மகன், தில்லியிலிருந்து ஸ்பிதிப் பள்ளத்தாக்குக்கு மோட்டார் சைக்கிளில் செல்வதாக அறிவித்தான். தடுத்தால் கேட்கும் வயதன்று. இல்லத்தரசியார் மலை மந்திர் முருகனுக்கு வேண்டிக்கொண்டார். நாம் சக்கரங்களைக் கவனிக்கலானோம்.

ஒரு காலத்தில் தமிழ்க் குடும்பங்கள் நிறைந்திருந்த கரோல்பாகில் இன்று மோட்டார் சைக்கிள் கடைகள் மலிந்துள்ளன. அங்கே முதிய மிஸ்திரி ஒருவர், சிறிய சாவியால் ஒவ்வொரு கம்பியாகத் தட்டிக்கொண்டே வந்தார். இறுகிய கம்பி கணீரென்றது. தளர்ந்தது மந்தமாய் முனகியது. கச்சேரிக்கு முன் மிருதங்க வித்துவான் கல்லும் கட்டையுமாகச் சுதி சேர்க்கும் காட்சியே நம் கண்முன் நின்றது.

தளர்ந்ததை மட்டும் முறுக்கினால் போதாதா என்று வினவினோம். முதியவர் சிரித்தார். ஒன்றை மட்டும் இறுக்கினால் ரிம் அப்பக்கம் இழுபட்டுக் கோட்டம் விழுமாம். 36 கம்பிகளில் ஒன்றை முறுக்கி, இரண்டை விட்டு, நான்காவதை முறுக்கி, இப்படியே மூன்று சுற்றில் அனைத்தையும் முடித்தார். எந்த நிப்பிளையும் ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்குமேல் திருப்பவில்லை. அளவு மீறி இறுக்கினால் ரிம் நிப்பிள் துளையருகே வெடிக்கும். தளரவிட்டாலோ, அதன் பங்கையும் அண்டைக் கம்பிகள் சுமந்து, அவையே முதலில் முறியும். காலிப் பணியிடங்கள் உள்ள பிரிவில் பணியாற்றும் அன்பர்களுக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை!

புதுக் கம்பிகள் ஓட ஓடப் படிந்து தளரும் என்றும், கரடுமுரடான வழியில் அன்றாடம் தட்டிப் பார்க்க வேண்டும் என்றும் சொல்லி, சாவி ஒன்றை மகனிடம் கொடுத்தார். இல்லம் திரும்பியதும் இவையனைத்தையும் இல்லத்தரசியாரிடம் விவரித்தோம். கீரை ஆய்ந்துகொண்டே கேட்டிருந்தார், ஒன்றும் சொல்லவில்லை.

காஜாவிலிருந்து ஓர் இரவு தொலைபேசி வந்தது. பின் சக்கரத்தில் இரண்டு கம்பிகள் தளர்ந்திருந்தனவாம், சரிசெய்துவிட்டானாம். நாம் வாய் திறக்குமுன், அவன் தாயார் கருவியைப் பறித்துக் கேட்டார்:

“இரண்டு விட்டு ஒன்றாகத்தானேடா முறுக்கினாய்?”