முகத்தில் ஒரு கட்டி

உடலில் வேறெங்கே கட்டி வந்தாலும் பொறுத்துக்கொள்கின்றோம். முகத்தில் வந்தால் பொறுப்பதில்லை. கண்ணாடியின்முன் நின்று இரு விரல்களால் பிதுக்கிவிடுகின்றோம். அவ்விரு விரல்களைப் பற்றித்தான் இங்கே பேச விரும்புகின்றோம்.

துட்டன்காமன் மன்னனின் கல்லறையைத் தேடும் பணிக்குப் பொருள் வழங்கியவர் கார்னர்வான் பிரபு. 1922-இல் கல்லறை கிடைத்தது. 1923-இல் அவர் கெய்ரோவில் மாண்டார். கல்லறையின் சாபம் என்று உலகம் கதை கட்டியது. நடந்ததோ வேறு. கன்னத்தில் ஒரு கொசுக்கடி; சவரக் கத்தி அதன்மீது பட்டது; நஞ்சு குருதியில் ஏறியது. இரஷ்ய இசைமேதை ஸ்கிரியாபினும் மேலுதட்டில் எழுந்த கட்டி ஒன்றினால் 1915-இல் தமது 43-ஆம் வயதில் மறைந்தார். அன்று பெனிசிலின் இல்லை.

முகத்துக்கு ஏன் இத்தனை அபாயம்? மூக்கின் மேல்முனையிலிருந்து வாயின் இரு ஓரங்கள்வரை ஒரு முக்கோணம் வரைந்து பாருங்கள். அப்பகுதியின் சிரைகள் கண்குழி வழியே மூளையின் அடியிலுள்ள குருதித் தேக்கத்தோடு தொடர்புடையவை. பிதுக்கும் விரல் சீழை வெளியேற்றுவதாக நினைக்கின்றோம். அது உள்நோக்கியும் தள்ளுகின்றது.

நம் உறவினர் ஒருவர் நீரிழிவு உடையவர். கன்னத்துப் பருவைப் பிதுக்கிய நான்காம் நாள், கண் திறக்கவியலாத வீக்கத்துடன் மருத்துவமனையில் சேர்ந்தார். மருத்துவர்கள் கட்டியைக் கீறிச் சீழை வடித்தனர், செத்த சதையை அகற்றினர், கிருமிக்கு மருந்து ஏற்றினர், சர்க்கரையைக் கட்டுப்படுத்தினர். எஞ்சியது ஆழமான ஒரு பள்ளம்.

அப்பள்ளத்தில் துளைகள் நிறைந்த நுரைப்பஞ்சை வைத்து, மேலே காற்றுப் புகாத மெல்லிய ஒட்டுத்தாளை ஒட்டினர். அதிலிருந்து ஒரு குழாய் சிறு பொறி ஒன்றுக்குச் சென்றது. பொறி ஓயாது உறிஞ்சியது. வழக்கமான அளவு 125 மில்லிமீட்டர் பாதரசம். கசியும் நீர் வெளியேறுகின்றது, வீக்கம் வடிகின்றது, புண்ணின் ஓரங்கள் நெருங்குகின்றன, புதுச்சதை வளர்கின்றது. இரண்டு மூன்று நாட்களுக்கொருமுறை பஞ்சை மாற்றினர். அமெரிக்க ஆய்வாளர்களான அர்ஜென்டாவும் மோரிக்வாஸும் இம்முறையை 1997-இல் விரிவாக வெளியிட்டனர்.

முகத்தில் இதனைப் பொருத்துவது எளிதன்று. தாடிமயிர் ஒட்டுத்தாளை எழுப்பிவிடும். வாயும் இமையும் அசைந்துகொண்டேயிருக்கும். எல்லாக் கட்டிக்கும் இது வேண்டியதுமில்லை. சீழும் செத்த சதையும் நீங்குமுன் வைப்பது தகாது. குருதி உறையாமலிருக்க மருந்து உண்போரிடம் மிகுந்த எச்சரிக்கை வேண்டும்.

உறிஞ்சி எடுப்பது நமக்குப் புதிதன்று. ஹிஜாமாவை நம் முன்னோர் அறிவர். குர்துபாவின் அபுல் காசிம் ஸஹ்ராவி ஆயிரம் ஆண்டுகளுக்குமுன்பே அதுபற்றி எழுதினார். ஆயினும் இரண்டும் ஒன்றென மயங்கலாகாது. தோலின்மீது சில நிமிடங்கள் வைக்கும் குவளை வேறு. திறந்த புண்ணில் நாள்கணக்கில் இயங்கும் பொறி வேறு. முகத்துக் கட்டியின்மீது குவளை வைப்பது ஆபத்து.

நம் இல்லங்களில் நீரிழிவு இல்லாத இல்லம் அரிது. ஆகவே ஒன்று சொல்வோம். முகத்தில் கட்டி கண்டால் கையை எடுத்துவிடுங்கள். வெந்நீரில் நனைத்த தூய துணியால் இதமாக ஒற்றடம் இடலாம். காய்ச்சலோ, கண்ணோர வீக்கமோ, கடுந்தலைவலியோ கண்டால் அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள். வெளியே வர வேண்டியதை இழுத்தெடுக்க வழியுண்டு. உள்ளே தள்ளியதை மீட்பதுதான் கடினம்.